ஜல்தி அண்ணன் உட்கார்ந்த நாள்

ஆரணியில் இருபது வருஷம் குடியிருந்து, அந்த இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட உட்காராத மனிதர் ஒருவர் உண்டு. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். "ஜல்தி அண்ணனா?" என்று ஆரம்பித்து என்னைவிட அதிகமாகவே சொல்வார்கள்.

தனியார் பஸ்களுக்கு அவர் டைம் கீப்பர். கழுத்தில் விசில், கையில் அட்டை, காதில் பேனா. பஸ் உள்ளே வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, கிளம்பவேண்டிய நேரம் வந்ததும் விசில் ஊதி வெளியே விரட்டுவது உத்தியோகம். டிரைவர் டீ கிளாஸை வாயில் வைத்திருந்தாலும் சரி, கல்யாண கோஷ்டி பாதி ஏறி பாதி கீழே நின்றாலும் சரி, "ஜல்தி, ஜல்தி, எடு, எடு" என்று வண்டியின் விலாவில் தட்டிக்கொண்டே கூடவே ஓடுவார். ஒருமுறை மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு பெண்ணைக் கீழே விட்டுவிட்டு சேத்துப்பட்டு வண்டி போய்விட்டது. பெண் வீட்டார் சண்டைக்கு வந்தபோது, "பொண்ணு அடுத்த வண்டில வரட்டும், பதினாலு நிமிஷத்துல இன்னா கெட்டுப்போவுது" என்றாராம். அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று எங்கள் கிறிஸ்தவ சபைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் உபயோகித்ததாக ஞாபகம் இல்லை.

டைம் கீப்பருக்கென்று பஸ் ஸ்டாண்டில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் ஒரு நாய் வருஷக்கணக்கில் படுத்திருந்தது. சாப்பாடு என்று தனியாக ஒன்று அவருக்குக் கிடையாது. சட்டைப் பையில் பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து வைத்திருப்பார். ஓடும்போது ஒரு வாய், நிற்கும்போது ஒரு வாய். முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலோடு அவரைச் சுற்றிச் சுற்றி வருவார். அவர் கல்யாண போட்டோவை நானே பார்த்திருக்கிறேன். அண்ணி மாலையோடு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்து நாற்காலி காலி, பின்னால் மங்கலாக ஏதோ ஒன்று தெரிகிறது. அந்த மங்கல்தான் மாப்பிள்ளை.

கோயிலுக்கு வந்தாலும் பின்வாசலை ஒட்டி நின்றுகொண்டேதான் ஆராதனை. எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அப்போதிருந்த ஐயர் நல்ல மனிதர், ஆனால் பிரசங்கத்தை ஆரம்பித்தால் முடிக்க வழி தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் தாண்டி, "மூன்றாவதாக நாம் சிந்திக்கவேண்டியது" என்று அவர் ஆரம்பித்தபோது, பின்வாசலிலிருந்து விசில் வந்தது. நீளமான விசில். ஐயர் திகைத்துப்போய், "ஆமென்" என்று சொல்லிவிட்டார். சபையும் ஆமென் என்று எழுந்துவிட்டது. "கை தானா போயிடுச்சு ஐயரே" என்று அண்ணன் அப்புறம் மன்னிப்புக் கேட்டார். பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நாங்கள் மத்தியானச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்களுடையது சேவூரில் பட்டுத்தறிக் குடும்பம், அப்பா காலத்தில் சபைக்கு வந்தவர்கள். ஒவ்வொரு மே மாதமும் எங்கள் வாலிபர் சங்கம் கிராம ஊழியத்துக்குக் கிளம்பும். பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுப்பது, கூட வரும் நர்ஸ் அக்கா மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது, பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கூரை வேய்வது. கத்திரி வெயிலில் இதற்குப் போகக் கொஞ்சம் பக்தி வேண்டும், இல்லாவிட்டால் வேலைவெட்டி இல்லாமல் இருக்கவேண்டும். எனக்கு இரண்டாவது நிறையவே இருந்தது.

இந்த ஊழியத்துக்குத் தலைவர் யார் என்று ஐயர் யோசித்தபோது, எந்தக் குக்கிராமத்துக்கு எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர் சபையில் ஒருவர்தான் இருந்தார். அண்ணன் பத்து நாள் லீவு போட்டுவிட்டு விசிலோடு வந்து சேர்ந்தார். ஐயரும் எங்களோடு வந்தார்.

முதல் நாளே ஒரு தாளை ஒட்டினார். ஆறு பத்து ஜெபம், ஆறு இருபத்திரண்டு டிபன், ஆறு முப்பத்தொன்று கிளம்பு. இட்லி வாயில் இருக்கும்போதே விசில். தலைக்குச் சோப்புப் போட்டிருக்கும்போது விசில். நர்ஸ் அக்கா ஒரு அம்மாவிடம் எங்கே வலிக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தால் பின்னால் நின்று, "ஜல்தி சொல்லும்மா, பின்னால ஆள் நிக்குது" என்பார். ஒரு ஊரில் கதை சொல்ல வேண்டியவனுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட, அண்ணனே உலகம் உண்டான கதையைச் சொன்னார். "கடவுள் மொத நாள் வெளிச்சம், ரெண்டாம் நாள் ஆகாசம், மூணாம் நாள் மரம் மட்டை, எழுதிக்கோங்க" என்று நாலு நிமிஷத்தில் ஆறு நாளை முடித்தார். ஏழாம் நாள் கடவுள் ஓய்ந்திருந்தார் என்பதை அவர் சொல்லவே இல்லை.

கடைசி ஐந்து நாள் கலசப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு ஊரின் காலனிக்கு ஒதுக்கியிருந்தோம். ஊர்ப் பேரைச் சொல்லமாட்டேன், அங்கே இந்தப் பத்திரிகை போகிறது. கலசப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கிக்கொண்டு தினமும் காலை வண்டியில் போய் சாயங்கால வண்டியில் திரும்புவது ஏற்பாடு.

அந்தக் காலனியில் கஸ்தூரி என்று ஒரு பெண். பிளஸ் டூ முடித்தவள். தெருப் பிள்ளைகளைப் புளியமரத்தடியில் உட்காரவைத்து அவளாகவே பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் வகுப்பு இல்லை, புளி உலுக்கினாலும் வகுப்பு இல்லை. ஒரு கொட்டாய் இருந்தால் சபையே அதை மாலைப் பள்ளியாக எடுத்துக்கொண்டு, அவளை டீச்சராக வைத்துச் சம்பளமும் கொடுக்கும் என்று ஐயர் வாக்குக் கொடுத்திருந்தார். கீற்றும் கயிறும் ஆளும் எங்களுடையது. இடமும் பனைமரச் சட்டங்களும் கஸ்தூரியின் அப்பா முனுசாமி கொடுத்தார். தன் வீட்டுக்கு ஒரு பக்கம் தாழ்வாரம் இறக்கலாம் என்று அவர் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த சட்டங்கள் அவை.

"வெள்ளிக்கெழமக்குள்ள முடிச்சிடுவீங்களா ஐயா?" என்று முனுசாமி ஐயரிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டார். "சனிக்கெழம திருப்பூர் மில்லுக்கு ஆள் புடிக்கிற ஏஜென்ட் வரான். கொட்டாய் எழும்பிச்சின்னா புள்ள இங்கியே கெடக்கட்டும். இல்லன்னா வேன்ல ஏத்தி உட்றதுதான்."

கஸ்தூரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க எங்களோடு கீற்று சுமந்தாள், எங்களைவிட வேகமாக.

மத்தியானச் சாப்பாடு முனுசாமி வீட்டில்தான். அவர் மனைவி பச்சையம்மா எங்கள் பத்துப் பேருக்கும் இலை போட்டார். தலைவருக்கு மட்டும், காலனியிலேயே இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை எங்கிருந்தோ வாங்கி வந்து, முந்தானையால் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார்.

ஜல்தி அண்ணன் அந்த நாற்காலியில் தன் அட்டையை வைத்தார். வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டார்.

"எனக்கு வேணாம்க்கா, நீங்க பசங்களுக்குப் போடுங்க. ஜல்தி, ஜல்தி, ஒண்ணே காலுக்கு வேல" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார்கள். அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, நடந்துகொண்டே டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் நாளும் இதேதான். மூன்றாம் நாள் பச்சையம்மா கருவாட்டுக் குழம்பு வைத்து, "சாருக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்று நாற்காலியை மறுபடி துடைத்தார். "நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா" என்று அண்ணன் கீற்றுக்கட்டை நோக்கி ஓடிவிட்டார். எங்களுக்கு அது பழகிப்போன காட்சி. நாங்கள் குழம்பை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டோம்.

வியாழக்கிழமை காலை போய் இறங்கினால், நட்டு வைத்திருந்த சட்டங்கள் இல்லை. குழிகள் மட்டும் இருந்தன. சட்டங்கள் எல்லாம் முனுசாமி வீட்டுப் பின்னால் பழைய இடத்தில் அடுக்கியிருந்தன. பிள்ளைகள் யாரும் வரவில்லை. புளியமரத்தடியில் ஒரு ஆடு நின்றது.

ஐயர் என்னைக் கூட்டிக்கொண்டு முனுசாமியைப் பார்க்கப் போனார். முனுசாமி கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"உங்க மேல ஒண்ணும் வருத்தம் இல்லீங்க ஐயா. நீங்க குந்திகினு எங்களோட சாப்ட்டீங்க. பசங்களும் சாப்ட்டாங்க. ஆனா உங்க தலைவரு மூணு நாளா வாசல்லியே நிக்கிறாரு. எங்க ஊட்டு நாற்காலி அவருக்கு ஆவாது, எங்க ஊட்டு சோறும் ஆவாது. கைல பொரி கொண்டாந்து துன்றாரு. சபைக்கு வந்தாலும் சில பேருக்கு அது போவாதுங்க, நான் பாத்திருக்கேன். எங்க ஊட்ல அவரு உக்கார மாட்டாருன்னா, அவரு கட்ற கொட்டாய்ல எங்க புள்ளைங்க எதுக்கு உக்காரணும்?"

ஐயருக்கு வாய் அடைத்துப்போனது. அந்த மனிதரின் வாய் அடைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு வேறு ஒரு காரணத்தால் முகம் சூடேறியது. முதல் நாள் பச்சையம்மா கொடுத்த டம்ளரை வாங்கியதும், குடிப்பதற்கு முன் அதை ஒரு விநாடி பார்த்தவன் நான். ஒரே விநாடிதான். அப்புறம் குடித்தேன், உட்கார்ந்தேன், சாப்பிட்டேன். அந்த விநாடியை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது எல்லாம், ஆயுசில் யாரையும் தாழ்வாக நினைக்க நேரமே இல்லாத ஒரு மனிதரை.

அண்ணனிடம் போய்ச் சொன்னோம். காலி குழிகளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"நானா?" என்றார்.

"நீதான்" என்றார் ஐயர்.

"நான் என் கல்யாணத்துலயே உக்காரலியே ஐயரே."

"அத அவர்கிட்ட போய்ச் சொல்லு."

"சொன்னா நம்புவாரா?"

"நானே நம்பமாட்டேன்" என்றார் ஐயர்.

அண்ணன் சட்டைப் பையில் இருந்த பொரியை எடுத்தார். எல்லாவற்றையும் அந்த ஆட்டின் முன்னால் கொட்டிவிட்டு, விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, நேரே முனுசாமி வீட்டுக்குப் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

பச்சையம்மா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பசிக்குது" என்றார் அண்ணன். உள்ளே போய், நாற்காலியைத் தேடாமல், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் போட்ட கணக்கு, பத்து நிமிஷம் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டு, எழுந்துவிடலாம் என்பது. காலை எட்டு மணிக்கு எந்த வீட்டிலும் சோறு தயாராக இருக்காது என்பது அவருக்குத் தோன்றவில்லை. பாவம், சாப்பாட்டு நேரங்களைப்பற்றி அவருக்கு என்ன தெரியும்.

பச்சையம்மா ஈரக் கையோடு வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சோறு ஆக்கணும். நேரம் ஆவும்."

"ஆவட்டும்க்கா."

"கோழி அடிக்கணும்."

"அடிங்கக்கா."

"மொதல்ல புடிக்கணும்."

அதற்கு அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

முனுசாமி எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே கஸ்தூரியும் தெருப் பிள்ளைகளும் கோழியைத் துரத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சேவலுக்கு அசாத்திய வேகம். ஒரு தடவை கூரைமேல் ஏறியது, ஒரு தடவை வைக்கோல் போருக்குள் புகுந்தது. ஒரு தடவை வீட்டுக்குள்ளேயே வந்து அண்ணனின் முழங்காலுக்கு ஒரு ஜாண் தூரத்தில் நின்று அவரைப் பார்த்தது. அண்ணனின் உடம்பு அரை அடி எழும்பியது. ஐயர் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"ஏழாம் நாள்னு நெனச்சுக்கோ" என்று காதோடு சொன்னார்.

எனக்குத் தெரிந்து ஜல்தி அண்ணன் ஒரு இடத்தில் உட்கார்ந்து கழித்த முதல் ஒரு மணி நேரம் அது. அடுத்த அரை மணியும் உடனே வந்தது. வியர்வை ஊற்றியது. கட்டை விரலால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். தூரத்தில் ஏதோ பஸ் ஹாரன் கேட்டது. "போளூர் வண்டி. நாலு நிமிஷம் லேட்டு" என்று முணுமுணுத்தார். பிறகு தானே வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவசரமா எங்கயாச்சும் போவணுமா?" என்று முனுசாமி முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"இல்லீங்க. சும்மாதான் இருக்கேன்" என்றார் அண்ணன். அவர் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும்.

பச்சையம்மா அவசரப்படவே இல்லை. மசாலாவை அம்மியில் நிதானமாக அரைத்தார். அடுப்பு அணைந்தது, மறுபடி ஊதினார். உப்புப் பார்த்தார். கடைசியில் இலை போட்டு, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அண்ணனுக்கு நேர் எதிரில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் சாப்பிட்டார். பிசைந்து, உருட்டி, மென்று சாப்பிட்டார். இரண்டாம் தடவை வாங்கினார். மூன்றாம் தடவை பச்சையம்மா கேட்காமலே போட்டார், அதையும் சாப்பிட்டார். "கொஞ்சம் ரசம் இருக்காக்கா?" என்று அவரே கேட்டு வாங்கினார்.

முனுசாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரணி பவர்லூம் மாதிரி அது ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது.

"காலுக்கு இன்னா சார்?"

"ஒண்ணுமில்லீங்க. அது அப்படித்தான்."

"எப்பவுமா?"

"தூங்கும்போதுகூட ஆடுதுன்னு ஊட்ல சொல்லுவாங்க."

"அப்ப உங்களுக்கு உக்காரறதே..."

"வராதுங்க."

"எங்கயுமா?"

"எங்கயும்."

"இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா சார்?"

"நேரமில்லீங்க" என்றார் அண்ணன்.

முனுசாமி அவரை உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல் வயிறு குலுங்கியது, பிறகு சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பச்சையம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "அய்ய, அந்த மனுசன எழுப்பி உடுய்யா, பாவம்" என்றார்.

"எழுந்திருங்க சார், போய் வேலயப் பாப்போம்" என்றார் முனுசாமி.

அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இரண்டு காலும் இடுப்புவரைக்கும் மரத்துப்போயிருந்தன. அந்தக் கால்களுக்கு அது புது அனுபவம். முனுசாமி எழுந்து வந்து, ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையை ஐயர் தோளில் போட்டு, தூக்கி நிறுத்தினார். அண்ணன் நிற்கவில்லை, தொங்கினார். அப்படியே அவரை அணைத்துப் பிடித்துத் தெரு முழுக்கப் பார்க்க நடத்திக்கொண்டு போனார்கள். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். பின்னாலேயே கஸ்தூரி ஒரு பனஞ்சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள். நான் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேனா சிரித்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

காலுக்கு உயிர் வந்ததும் அண்ணன் என்னிடமிருந்து விசிலைப் பிடுங்கினார். போன நேரத்தையெல்லாம் அன்றைக்கே பிடித்துவிடவேண்டும் என்று எங்களைப் பிழிந்தெடுத்துவிட்டார். இந்தத் தடவை காலனி ஆட்களும் கூட நின்றார்கள். முனுசாமியே கூரை மோட்டுமேல் ஏறிக் கயிறு கட்டினார். "ஜல்தி சார், கீத்து மேல வரட்டும்" என்று அவர் கீழே பார்த்துச் சத்தம் போட, அண்ணன் ஓடினார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கொட்டாய் நின்றது.

சனிக்கிழமை, நாங்கள் விடைபெறப் போயிருந்தபோது, ஏஜென்டின் வேன் வந்தது. வேறு மூன்று பெண்கள் ஏறிப்போனார்கள். அதைத் தடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை, ஒரு கொட்டாய்தான் இருந்தது. கஸ்தூரி அந்த வேனைப் பார்க்க வெளியே வரவில்லை. கொட்டாய்க்குள் மண்தரைக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்தாள். பிற்பாடு டீச்சர் டிரெயினிங் முடித்து இப்போது போளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று கேள்வி. அவள் என்று எழுதுவதுகூடத் தப்பு, இருக்கிறார்.

அந்த வருஷம் முதல் ஒவ்வொரு மே மாதமும் அண்ணன் அந்தக் காலனிக்குப் போய், முனுசாமி வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார். மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் பழையபடிதான்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம், எங்கள் ஐயர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். ஜல்தி அண்ணன் பிறந்ததே சேத்துப்பட்டுப் பக்கம் அப்படி ஒரு காலனியில்தான். முனுசாமியின் தெருவுக்கும் அவர் பிறந்த தெருவுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அவர் கூடவே ஓடிக்கொண்டு கேட்டேன்.

"ஏன்ணா, நானும் உங்க மாதிரி தெருவுல பொறந்தவன்தான்னு முனுசாமிகிட்ட அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே? எதுக்கு அவ்ளோ நேரம் உக்காந்துகினு கஷ்டப்பட்டீங்க?"

அவர் ஓட்டத்தை நிறுத்தினார்.

"முடிஞ்சிருக்கும் தம்பி. ஆனா அந்தம்மா மூணு நாள் எனக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தாங்க. நான் எங்க பொறந்தவன்னு சொல்லிட்டா, அந்தச் சோறு தின்ன மாதிரி ஆயிடுமா?"

சொல்லிவிட்டு ஒரு வண்டியின் விலாவில் தட்டப் போய்விட்டார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேரும் தங்கைகள். அண்ணன் யாராவது உண்டா என்று கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்ல, எனக்கு இன்னமும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.